வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வெட்டி வேலை

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் தேர்வு வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் தேர்வு என்று சொல்லி மூன்று நாள் வேலையை ஓசியில் வாங்கிக்கொள்ளக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்களே என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் விரித்து எழுத வேண்டியிருக்கிறது.

எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வாங்குகிற நாம் ஆண்டுதோறும் நவம்பரில் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறோம். 2014இல் ஜீவன் பிரமாண் வந்த பிறகு அதைக் கைபேசியிலேயே செய்துவிட முடிகிறது. அந்தத் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தவறாகத் தொட்டுவிட்டால் திரும்பி வர வழி என்ன, இதையெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் அல்லவா? அந்தத் தொழிலுக்கு யூஎக்ஸ் டிசைன் என்று பெயர். பயனர் அனுபவ வடிவமைப்பு என்று தமிழில் எழுதுகிறார்கள். வெறும் படம் வரைகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பயன்படுத்தப் போகிறவர்களைத் தேடிப் போய்ப் பேசி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை.

இந்த வேலைக்கு விண்ணப்பித்தால், பல இடங்களில் நேர்காணலுக்கு நடுவே ஒரு கணக்கைக் கொடுத்து, 'வீட்டில் செய்து அனுப்பு' என்கிறார்கள். டேக் ஹோம் என்றோ டிசைன் சேலஞ்ச் என்றோ அதைச் சொல்கிறார்கள். பணம் கிடையாது.

என் தம்பியின் பேத்திக்கு இப்படி ஒன்று வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வியாழக்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது, திங்கள் காலை பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வயதானவர்கள் கைபேசியில் மருந்து வாங்க ஒரு செயலி வடிவமைக்கச் சொன்னார்கள். ஐந்து முதியவர்களிடம் பேசி அவர்கள் சிரமத்தை எழுத வேண்டும், பன்னிரண்டு திரைகள் வரைய வேண்டும், தொட்டால் நகரும் மாதிரி ஒன்று செய்ய வேண்டும், எல்லாவற்றையும் விளக்கி இருபது பக்கம் தயாரிக்க வேண்டும். ஆறு மணி நேரம் போதும் என்று கீழே ஒரு வரி. அந்த நிறுவனம் விற்பதும் மருந்துதான்!

ஐந்து முதியவர்களுக்கு அவள் எங்கே போவாள்? நம் தெருவுக்குத்தான் வந்தாள். நானும் ஒருவன். "தாத்தா, மாத்திரை தீர்ந்துபோனா நீங்க எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டாள். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி கண்ணுக்குத் தெரியாது, பாதி அட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயரே போய்விடும், பழைய அட்டையைக் கடைக்காரரிடம் காட்டித்தான் வாங்குகிறேன் என்றெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாள் இரண்டு வேளை மாத்திரைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைக்கும் முறையைக் காட்டினார். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு, மூன்று இரவு தூக்கமில்லை. குறித்து வைத்திருந்த கணக்குப்படி முப்பத்தோரு மணி நேரம் வேலை செய்தாள். பதினேழு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். எது நன்றாயிருந்தது, எது குறை என்று ஒரு சொல் இல்லை.

அவள் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்தார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வழியே இல்லை. என் கோபம் அதன் மேல்தான்.

அவளுடைய அப்பா என்னிடம் சொன்னது இது: "பெரியப்பா, வேலை வேணும்னா நாமதான் கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்." வளைந்து கொடுப்பதற்கு எல்லை உண்டா இல்லையா என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

நம் காலத்துத் தேர்வுகளை நினைத்துப் பாருங்கள். கீழ்நிலை எழுத்தர் வேலைக்குத் தட்டச்சுத் தேர்வு வைத்தார்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு முப்பது சொல் அடிக்க வேண்டும். ஏதோ ஒரு பத்தியைக் கொடுப்பார்கள், நேரம் முடிந்ததும் தாளை வாங்கிக்கொள்வார்கள். நாங்கள் அடித்த தாளை உறையில் போட்டு, முத்திரை வைத்து, எந்த இலாகாவும் கடிதமாக அனுப்பிவிடவில்லை. கோப்புகளை வீட்டுக்குக் கொடுத்து, நிலுவை எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வா, பிறகு வேலை தருவதா என்று பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். துவார் சுர் தாப்ல் என்றால் வகுப்பில் மேசையில் உட்கார்ந்து எழுதும் பரீட்சை. துவார் அ லா மேஸோன் என்றால் வீட்டில் செய்துகொண்டு வருவது. வீட்டில் செய்வது பழகுவதற்கு. தராதரம் பிரிக்க மேசைப் பரீட்சைதான், ஏனென்றால் வீட்டில் செய்ததில் அண்ணன் கை எவ்வளவு, அப்பா கை எவ்வளவு என்று எந்த ஆசிரியராலும் சொல்ல முடியாது. இன்று அண்ணன் கூட வேண்டாம், கணினியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆக, திறமையை அளக்கும் கருவி என்று பார்த்தாலும் இது கோணல் தராசு. யாரிடம் ஓய்வு நேரம் அதிகம் என்பதைத்தான் இது அளக்கிறது. கைக்குழந்தை வைத்திருப்பவள், படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்பவன், இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய் வருகிறவன் எல்லாம் தோற்றுப்போவார்கள். அவர்களுக்குத் திறமை இல்லாமல் அல்ல, சனி ஞாயிறு இல்லாமல்.

ஒரு குமாஸ்தா கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஒரே இடத்துக்கு நாற்பது பேரிடம் இப்படிக் கேட்டு, ஆளுக்கு இருபது மணி நேரம் ஆனது என்று வையுங்கள். எண்ணூறு மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்றால் நூறு நாள் உழைப்பு. நூறு நாள் உழைப்பைப் பெற்றுக்கொண்டு ஒருவருக்கு மட்டும் வேலை, மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் இரண்டு வரிக் கடிதம். இதே காரியத்தைத் தையற்கடையில் செய்து பாருங்கள். மூன்று கடையில் ரவிக்கை தைக்கக் கொடுத்து, பிடித்ததற்கு மட்டும் காசு தருவேன் என்று சொல்லிப் பாருங்கள். தையற்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைக்காமலே பதில் சொல்வார்.

'மிட்டாய்க் கடையில் ருசி பார்க்க அல்வா தருகிறார்களே' என்று ஒரு நண்பர் மடக்கினார். தருகிறார்கள், ஒரு விள்ளல். ஒரு கிலோ தருவதில்லை. ருசி பார்த்தவர் அந்த விள்ளலைக் கொண்டுபோய் விற்பதும் இல்லை.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. பழைய வேலைகளைத் தொகுத்து வைத்திருப்பதைப் போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். அதில் பத்துப் பேர் சேர்ந்து செய்ததைத் தனதென்று காட்டுகிறவர்கள் உண்டு. பெரிய கல்லூரியில் படிக்காத பிள்ளைக்கும் தன்னை நிரூபிக்க ஒரு வாய்ப்பு வேண்டும். இரண்டும் நியாயம்தான். அதற்கு நேரில் உட்காரவைத்துப் பார்க்கலாமே! பலகையும் எழுதுகோலும் கொடுத்து ஒரு மணி நேரம் யோசிக்கச் சொல்லலாம். தங்கள் வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத கணக்கைக் கொடுக்கலாம். பழைய வேலையையே திறந்து வைத்து, 'இதை ஏன் இப்படிச் செய்தாய்?' என்று நாலு கேள்வி கேட்டால் இரவல் சரக்கு தானே வெளுத்துவிடும். நீண்ட வேலைதான் வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கட்டும்.

காசு கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். பிரான்சில் அரசுக் கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞர்களிடையே கொங்கூர் என்னும் போட்டி வைத்து வரைபடம் கேட்டால், அந்த வரைபடத்தைத் தயாரிக்க ஆகும் மதிப்பைக் கணக்கிட்டு, வரைந்து தந்த எல்லாருக்கும் தொகை தர வேண்டும். அதிகபட்சம் இருபது விழுக்காடுதான் குறைத்துக்கொள்ளலாம். தோற்றவருக்கும் உண்டு. ஜெயித்தவருக்குப் பிறகு தரும் கட்டணத்தில் அது கழியும். அதனால் ஆயிரம் பேரைக் கூப்பிட்டு வரையச் சொல்ல மாட்டார்கள். சிலரை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பார்கள். காசு கொடுக்க வேண்டும் என்றால் புத்தி தானாக வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை தேடுகிறார்கள், அதனால் இதையும் சொல்கிறேன்: அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின் எல்.1221-6, எல்.1221-8 பிரிவுகளின்படி, விண்ணப்பதாரரிடம் கேட்பது வேலைக்கு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். எந்த முறையில் மதிப்பிடப் போகிறோம் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் நிறுவனத்துக்குச் சின்னம் வேண்டும் என்று பால் ராண்டிடம் போனார். ஐபிஎம் சின்னத்தை வரைந்தவர் அந்த ராண்ட். சில மாதிரிகள் காட்டுவீர்களா என்று ஜாப்ஸ் கேட்டதற்கு அவர் மறுத்துவிட்டார். ஒரே ஒரு சின்னம்தான் தருவேன், பயன்படுத்துவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், பணம் மட்டும் தந்துவிட வேண்டும் என்றார். ஒரு லட்சம் டாலர். ராண்ட் எங்கே, நம் பிள்ளை எங்கே என்பீர்கள். பெயர் பெற்றவருக்கு ஒரு லட்சம் டாலர் என்றால், பெயர் பெறாதவருக்குப் பூஜ்யம் என்று ஆகிவிடுமா?

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று ஒரு சொல் வருகிறது. கூலியில்லாமல் செய்தாக வேண்டிய உழைப்பு அது. வெட்டி வேலை என்று இன்று நாம் வேடிக்கையாகச் சொல்வதற்கு வேர் அதுதான். கூலியில்லாக் கட்டாய உழைப்பை நம் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம், பசியும் வறுமையும் ஒருவரைத் தள்ளுவதும் கட்டாயம்தான் என்றது. டிசைன் சேலஞ்ச் கொடுத்தவர்மேல் அந்தப் பிரிவில் வழக்குப் போடலாம் என்று நான் சொல்லவில்லை. கல் சுமந்தவர்களோடு ஏசி அறைக்காரர்களை ஒப்பிடவும் இல்லை. 'யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, இஷ்டப்பட்டுத்தானே செய்தாள்' என்ற வாயை மட்டும் அந்தத் தீர்ப்பு அடைத்துவிடுகிறது.

பிள்ளைகள் என்ன செய்யலாம்? பேத்தியோடு உட்கார்ந்து எழுதிய பட்டியல் இது. செய்ய ஆரம்பிக்கும் முன்பே மரியாதையாகக் கேட்க வேண்டியவை நான்கு. எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறீர்கள்? இது உங்கள் சொந்த வியாபாரத்தின் பிரச்சினையா, கற்பனையா? செய்ததை யார் பார்ப்பார்கள், அவர்களிடம் நான் நேரில் விளக்க முடியுமா? நீளமான வேலை என்றால் ஊதியம் உண்டா? இதற்கே முகம் சுளிக்கிற இடத்தில், சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளட்டும். பதிலுக்கு, 'என் பழைய வேலையைக் காட்டி ஒரு மணி நேரம் பேசுகிறேன்' என்று தானாகவே ஒரு வழியும் சொல்லலாம்.

மறுக்க முடியாத நிலை என்றால், சொன்ன மணியோடு நிறுத்திவிட வேண்டும். ஆறு மணி என்றால் ஆறுதான். முதல் பக்கத்திலேயே, 'இதற்கு ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டேன், இன்னும் நேரம் இருந்தால் இன்னின்னது செய்வேன்' என்று எழுதிவிடலாம். வண்ணப் பூச்சைவிட, ஏன் இப்படி யோசித்தேன் என்பதற்கு இடம் கொடுக்கட்டும். ஃபிக்மாவில் திருத்தக்கூடிய மூலக் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎஃப் அனுப்பினால் போதும். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் ஆண்டும் இருக்கட்டும். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். ஊழியராகச் சேர்ந்து செய்த வேலைக்குத்தான் முதலாளி உரிமையாளர் ஆவார். விண்ணப்பதாரர் ஊழியர் அல்ல. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆகவே, 'எழுத்துமூலம் அனுமதி இன்றிப் பயன்படுத்தக் கூடாது' என்று அடியில் ஒரு வரி எழுதுவதில் தவறே இல்லை. வெறும் யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது, வரைந்த வடிவத்துக்கு உண்டு. அதனால் கொடுக்கும் முன்பே எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இளையவர்களுக்குச் சொன்னது இவ்வளவு. என் வயதுக்காரர்களுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. நம் வீடுகளில் இந்தப் பிள்ளைகள் இரவு இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, 'கொடுத்ததைச் சீக்கிரம் முடித்து அனுப்பு, நல்ல கம்பெனி' என்று தூண்டுவது நாம்தான். பஞ்சப்படி ஒரு தவணை தள்ளிப்போனால் சங்கம் கூடுகிற நாம், பேத்தியின் முப்பத்தோரு மணி நேரத்துக்கு மட்டும் கணக்குக் கேட்க மாட்டோம் என்றால் அது என்ன நியாயம்? நல்ல கம்பெனியா என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மணி நேர வேலை, அது யாருடைய வேலை, காசு உண்டா என்று வீட்டிலேயே கேட்டுப் பழகுங்கள். நாம் கேட்டால், நாளைக்கு நேர்காணலில் அவர்களும் கேட்பார்கள்.