இன்னும் ஓராண்டு யாருக்கு?

அண்மையில் ஆலை வாயிலில் நம்மைக் கண்ட தோழர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் மகளின் நீட் தேர்வு மதிப்பெண் தாள் அது. "இந்த மார்க்குக்கு இடம் கிடைக்காதுன்னு சொல்றாங்க, தோழர். இன்னொரு வருஷம் வீட்டிலே உட்கார்ந்து படிச்சு மறுபடி எழுதட்டுமா? இல்லே, வேறே படிப்பிலே சேர்த்துடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நாம் உடனே விடை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதே உண்மை. ஏனெனில், அவர் கேட்டது ஒரு கேள்வி அன்று, இரண்டு கேள்விகள். அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. இப்படியொரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உழைப்பாளி ஒருவன் ஆலை வாயிலில் நிற்க நேர்ந்தது ஏன் என்பது மற்றொன்று. செல்வர் வீட்டில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அங்கே முதல் முறை தவறினால் இரண்டாம் முறை, அதுவும் தவறினால் மூன்றாம் முறை. காலமும் காசும் இருக்கும் இடத்தில் கவலை ஏது?

வந்த வழி

கதையைச் சற்றுப் பின்னாலிருந்து பார்ப்போம். 1984-இல் தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அதோடு, பிளஸ் டூ தேர்வில் எடுத்த மதிப்பெண் போதாதென்று கருதியவர்கள் மறு ஆண்டு அதே பாடங்களை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் 'இம்ப்ரூவ்மெண்ட்' முறையும் இருந்தது. நடுவயதுத் தோழர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். ஓராண்டு வருமானம் இல்லாமல் பிள்ளையை வைத்துக் காப்பாற்ற முடிந்த வீட்டார் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். முடியாத வீட்டார், கிடைத்த படிப்பே போதுமென்று போனார்கள்.

2005-இல் மாநில அரசு இந்த இரண்டையும் ஒருசேர நீக்க முனைந்தது. வழக்கு மன்றத்தில் தடைபட்டது. பிறகு 2006-இல் இயற்றப்பட்ட சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று நுழைவுத் தேர்வை ஒழித்தது. அதன்பின் ஏறத்தாழ பத்தாண்டுகள், பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார்கள். 2017-இல் நீட் வந்தது. அவ்வாண்டு அரியலூர் மாவட்டம் குழுமூரில் பிறந்த அனிதா, மூட்டை தூக்கிப் பிழைத்த தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்தும் மருத்துவக் கல்லூரி வாயிலைக் காண முடியாமல் மறைந்தார். நாடே கண்ணீர் வடித்தது. தேர்வு மட்டும் நிலைத்துவிட்டது.

12-உம் 71-உம்

நீட் தேர்வின் விளைவை ஆராய 2021-இல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கையில் நம் கண்ணில் குத்தி நிற்கும் எண்கள் இரண்டு. நீட் வருவதற்கு முந்திய 2016-17-ஆம் ஆண்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில், ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து வந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். 2020-21-இல் அவர்கள் நூற்றுக்கு 71 பேர்!

இதன் பொருள் என்ன? பள்ளியை முடித்த கையோடு போகும் படிப்பாக இருந்தது மருத்துவம். அது, பள்ளியை முடித்து, ஓராண்டோ ஈராண்டோ பயிற்சிக் கூடத்தில் தவம் கிடந்து, பிறகு போகும் படிப்பாக மாறிவிட்டது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, ஆறரை ஏழரை ஆண்டுப் படிப்பாகிவிட்டது. கூடிய அந்த ஓராண்டுக்கு உதவித்தொகை இல்லை; விடுதி இல்லை; அது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவும் இல்லை. அதன் செலவு முழுவதும் பெற்றவன் தலையில்!

2019 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு ஒன்றும் உண்டு. அவ்வாண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் தனிப் பயிற்சி பெறாமல் வந்தவர்கள் 48 பேர் மட்டுமே. 'தகுதி, திறமை' என்று மேடையதிர முழங்குகிறார்களே, அவர்களை நாம் கேட்கிறோம்: அந்த 48 பேரைத் தவிர மற்றவர்களின் திறமையில் பயிற்சிக் கட்டணத்தின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல முடியுமா?

அந்தத் தகுதியின் மற்றொரு பக்கத்தையும் பாருங்கள். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் பொதுப் பிரிவினர் 'தகுதி பெற' வேண்டியிருந்தது 720-க்கு 144. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 144 எடுத்தவர் கையில் பணமும் இருந்தால், பெருங்கட்டணம் கேட்கும் கல்லூரியில் இடம் கேட்கச் சட்டப்படி தகுதியுடையவர். அவரைப் போல மூன்று மடங்கு எடுத்தும் பணமில்லாதவர், இன்னும் ஓராண்டு காத்திருக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். கல்வி விலைபோவதைத் தடுக்கவே இத்தேர்வு வந்தது என்கிறார்கள். விலை போவது நிற்கவில்லை, தோழர்களே. கடை இருக்கும் இடந்தான் மாறியிருக்கிறது.

வரம்பு கட்டலாமா?

அப்படியானால் மறுபடி எழுதுவதையே தடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். பிற தேர்வுகளில் வரம்பு உண்டுதான். ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் தேர்வை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்போர் எழுதும் எம்கேட் தேர்வை வாழ்நாளில் 7 முறைக்கு மேல் எழுத முடியாது. அங்கே கல்லூரியில் வேதியியலில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் அப்பாடத்தை மறுபடி படித்து எழுதினாலும், எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் பழைய மதிப்பெண்ணும் புதிய மதிப்பெண்ணும் சேர்ந்தே கணக்கிடப்படும், பழையது மறைந்துவிடாது. ஆகவே அந்நாட்டு மாணவனும் மறுபடி படிக்கலாமா, வேண்டாமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளத்தான் செய்கிறான். நீட் தேர்விலோ எத்தனை முறை என்ற வரம்பு வைக்கப்படவில்லை. வயதின் மேல் வரம்பும் 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் வரம்பு கட்டச் சொல்ல நாம் ஒப்பமாட்டோம். ஏன்? முதல் முறை எழுதும்போது, கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்தத் தேர்வின் போக்கே பிடிபடுவதில்லை. நகரத்துப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்கிய ஓட்டத்தை, இவள் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் தொடங்குகிறாள். இரண்டாம் வாய்ப்பு எவருக்கேனும் தேவையென்றால் இவளுக்குத்தான் தேவை. தேவையுள்ளவளுக்கு வசதியில்லை, வசதியுள்ளவனுக்குத் தேவை அவ்வளவாக இல்லை. தீர வேண்டியது இந்த முரண்பாடுதான். வாய்ப்பின் கதவை அடைப்பதால் அது தீராது. வாய்ப்பின் செலவைப் பொதுவாக்கினால் தீரும்.

கணக்குப் பாருங்கள்

சரி, சட்டம் மாறும் வரையில் தோழரின் மகள் என்ன செய்வாள்? தமிழ்நாட்டுக்கு விலக்குக் கேட்டுச் சட்டமன்றம் 2021-இல் ஒருமுறையும், ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2022-இல் மறுமுறையும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் செய்தி வந்தது. போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். வீட்டில் முடிவெடுக்க வேண்டிய நாள் அதற்காகக் காத்திராது. ஆகவே, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்க்கும்படி நம் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். வரிசை எண்ணைப் பாருங்கள். 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்கள் 17 பேர். 2025-இல் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் எடுத்தது 686. ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாள் மாறுகிறது. மதிப்பெண்ணின் மதிப்பும் மாறுகிறது. ஆனால் நம் மாநிலத் தரவரிசையில், நம் வகுப்புப் பிரிவில், கடைசி இடம் எந்த எண்ணோடு முடிந்தது என்பதைப் பார்த்தால் நாம் நிற்கும் இடம் தெரியும். வாயிற்படிக்கு அருகில் நிற்கிறோமா, வெகு தொலைவில் நிற்கிறோமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓராண்டுக்குரிய மதிப்பெண் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, மதிப்பெண் எங்கே போயிற்று என்று பாருங்கள். 180 வினாக்களில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. சரியான விடைக்கு 4. தவறினால் 1 பறிபோகும். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இல்லாமல் பாதிப் பாடம் நடக்கவே இல்லை என்றால், அந்தக் குறையை ஓராண்டில் நிரப்ப முடியும். தெரியாத வினாவுக்கெல்லாம் குருட்டாம்போக்கில் விடை குறித்து மதிப்பெண்ணை இழந்திருந்தால், அதையும் திருத்திக்கொள்ளலாம். ஆனால், ஏற்கெனவே ஓராண்டு முழுதும் பயிற்சி பெற்று, அதே இடத்தில்தான் நிற்கிறாள் என்றால், அதே பயிற்சியை இன்னும் ஓராண்டு வாங்குவதால் பயனடைவது பயிற்சிக் கூடத்துக்காரர் மட்டுமே.

மூன்றாவது, 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவில் வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அச்சட்டம் நூற்றுக்கு ஏழரை இடங்களை ஒதுக்கியது. அவர்களுடைய கட்டணத்தை ஏற்கவும் அரசு முன்வந்தது. மறுமுறை எழுதி வருபவர்களும் அதில் இடம் பெற்றிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு இன்னோர் ஆண்டு என்பது வீண் ஆசை அன்று.

நான்காவது, பணம். கந்துவட்டிக்கு வாங்காதீர்கள். இருக்கும் அரைக்காணியை விற்காதீர்கள். அண்ணன் மறுபடி எழுத வேண்டுமென்று தங்கையின் படிப்பை நிறுத்தாதீர்கள். அது ஒரு கண்ணைக் குத்தி மறு கண்ணுக்கு மருந்திடும் வேலை. கைக்கு அடங்கிய செலவில் முடியுமானால் செய்யுங்கள்.

ஐந்தாவது, எல்லையை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். 'ஓராண்டு, அதன்பின் வேறு வழி' என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த வேறு வழிக்கும் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2025 வரையில் செவிலியர், மருந்தியல், இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர் எந்த வகையில் தாழ்ந்தவர்? அப்படிப்பைத் தோற்றவர்கள் போகும் இடமாகப் பேசும் வாய் நம் வீட்டில் இருக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைக் கேளுங்கள். தேர்வு ஒன்றுதான், பிள்ளை ஆயிரம். அப்பன் பட்ட அவமானத்துக்குப் பழிவாங்கும் கருவியாக மகளைத் தீட்டக் கூடாது. இந்தத் தேர்வின் பெயரால் நாம் இழந்த பிள்ளைகள் போதும்.

நம் கடமை

தோழரின் மகள் கிராமத்துப் பள்ளியில் பயின்றவள். உயிரியலில் நல்ல மதிப்பெண். இயற்பியலில் வீழ்ந்திருக்கிறாள், கடைசி நான்கு பாடங்களை நடத்த ஆளே வரவில்லையாம். ஆகவே நாம் சொன்னோம்: "ஓராண்டு எழுதட்டும், தோழரே! கடன் வேண்டாம். செவிலியர் படிப்புக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். அடுத்த ஆண்டும் கிடைக்கவில்லையென்றால், தலை நிமிர்ந்து அதில் சேரட்டும்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இயற்பியலை யார் சொல்லித் தருவாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். மறுமுறை எழுத விரும்பும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் உணவும் உறையுளும் தந்து ஓராண்டு வகுப்பு நடத்தட்டும் என்று கோருகிறோம். ஆனால் அரசு செய்யும் வரை கைகட்டி இருக்கலாமா? ஊருக்கு ஊர் நமக்குப் படிப்பகங்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். பத்திரிகை படித்துவிட்டு ஏழு மணிக்குப் பூட்டும் படிப்பகத்தை ஒன்பது மணி வரை திறந்து வைத்து, ஒரு கரும்பலகையை மாட்டி, இயற்பியல் தெரிந்த ஒருவரை அழைத்து வர நம் கிளைக் கழகத்தாரால் முடியாதா?

அந்தத் தோழர் குடியிருக்கும் பகுதியின் செயலாளருக்கு நாம் எழுதியிருக்கிறோம். மற்ற ஊர்த் தோழர்கள் நம் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.