கடைப் பொடியனுக்கு வயசு போகாதா?



இது எங்கட ஊர் முதலாளிமாருக்கு. முழுசா வாசிச்சிட்டு ஏசுங்க.

ஓ.எல் எழுதிய பிள்ளைகளும் எழுதாமலே விட்ட பிள்ளைகளும் உங்கட கடைகளுக்குத்தான் வருகிறார்கள். புடவைக் கடை, ஹாட்வெயார், பேக்கரி, வெல்டிங் பட்டறை. நான் படிப்பித்த பிள்ளைகள். 17 வயதில் 'பொடியன்' என்று சேர்ந்தவர், 35 வயதில் மூன்று பிள்ளைகளின் வாப்பாவான பிறகும் 'பொடியன்'தான்.

நீங்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கிறீர்கள். உம்மாவுக்கு ஒப்பரேஷன் என்றால் காசு தருகிறீர்கள். ஆனால் "இன்னும் அஞ்சு வருஷத்தில நீ என்னவா இருக்கப் போற மகன்?" என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

ஆசிரியர்களான எங்களுக்கு 3ஆம் வகுப்பிலிருந்து 1ஆம் வகுப்பு வரை படிகள் எழுத்தில் இருக்கின்றன. அரசாங்கம் எங்களில் உருகி வழிகிறது என்றில்லை, அது வேறு கதை. ஆனால் கல்வியியற் கல்லூரியை முடித்து வந்த நாளிலேயே, அடுத்த படிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். உங்கட கடையில் நிற்பவருக்கு அடுத்த படி எது? அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இதைச் சொன்னால் வழக்கமான பதில் ஒன்று வரும்: "தொழில் பழக்கினா பக்கத்திலயே கடை போட்டிருவான் சேர்."

அவர் எப்படியும் போகத்தான் போகிறார். கத்தாருக்கு, சவூதிக்கு. பத்து வருஷம் வெல்டிங் செய்தவர் அங்கே லேபராகப் போய் இறங்குகிறார். ஏன்? அவர் வெல்டர் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் கையில் இல்லை. உங்களில் எத்தனை பேர் புறக்கோட்டையில் கடைப் பொடியனாக நின்று வந்தவர்கள்! அன்றைக்கு ஒரு முதலாளி கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டி, கடனுக்குச் சாமான் தந்துதானே நீங்கள் இன்றைக்குக் கல்லாவில் இருக்கிறீர்கள்?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். "கலியாணம் முடிச்சாப் போயிருவாங்க" என்று சொல்லி, தையல் கடையில் எட்டு வருஷமாக நிற்பவருக்கும் வெட்டுற வேலையைப் பழக்குவதில்லை. பொத்தான் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ சான்றிதழ் எடுக்க வகுப்புக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. அனுபவம் உள்ளவர் மதிப்பீட்டாளருக்கு முன்னால் வேலையைச் செய்து காட்டி எடுக்கலாம். நைட்டாவில் விசாரியுங்கள். வெல்டிங், தையல், பேக்கரி எல்லாவற்றுக்கும் இருக்கிறது. உங்கட பங்கு ஒரு சேவைக் கடிதமும் ஒரு நாள் லீவும்தான். விட்ட கணிதத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுத விரும்புகிறவரை, வகுப்புள்ள நாளில் இரண்டு மணித்தியாலம் முந்தி விடுங்கள்.

ஈ.பி.எஃப் மட்டும் வேண்டுகோள் இல்லை, சட்டம். 1958இல் வந்த சட்டம். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், உங்கட பக்கம் 12 வீதம், அதோடு ஈ.டி.எஃப் 3 வீதம். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். "கையில கூடக் குடுக்கிறன்தானே" என்பது பதிலாகாது. கையில் கொடுத்த காசு அந்த மாதத்தோடு முடிந்துவிடும். 55 வயதில் அவர் எதை நம்பி வீட்டில் இருப்பது? பள்ளியில் ஸகாத் பட்டியல் போடும்போது அதே மனிதரின் பெயரை நீங்களே எழுதுகிறீர்கள்.

கடைகளில் வேலை செய்யும் தம்பிமார், தங்கச்சிமாருக்கு: விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் வெள்ளி தவிர்ந்த நாட்களில் இஷாவுக்குப் பிறகு வீட்டுக்கு வாங்க, தங்கச்சிமார் உம்மாவையோ வாப்பாவையோ கூட்டிக்கொண்டு வாங்க. எத்தனை வருஷ வேலை, என்னென்ன வேலை என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வாங்க. சேவைக் கடிதத்தை முதலில் நீங்களே முதலாளியிடம் கேளுங்க. தரமாட்டேன் என்றால் சொல்லுங்க, நான் கூட வாறன்.