யாருடைய வளர்ச்சி?

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் வளர்கிறது என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: வளர்வது ஊரா, மூலதனமா?

2006இல் அங்கு உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் கதவடைத்தது. சலுகைகளை அனுபவித்த மூலதனம் விடைபெற்றது. ஆயிரக்கணக்கான இளந் தொழிலாளர் வேலையிழந்து நின்றனர்.

2024இல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் தலையாய கோரிக்கை, தம் சங்கத்துக்கு அங்கீகாரம். 1918இலேயே தொழிற்சங்கம் கண்ட சென்னையின் வாயிலில், 1926ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த உரிமைக்காக இத்தனை போராட்டம்! சங்கம் பதிவுபெற்றதோ 2025 ஜனவரியில்தான்.

ஆலைகள் வரும், போகும். ஊரில் எஞ்சுவது உழைப்பாளரின் ஒற்றுமையே. அதனை மறுக்கும் வளர்ச்சியை வளர்ச்சியென நாம் ஒப்போம்.