வாரம் ஒன்றா, தினம் ஒன்றா?

முழங்கால் வலி, அசதி என்று டாக்டரிடம் போகிறார் அறுபத்தைந்து வயது அம்மா. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வருகிறது. ‘இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல இருந்துக்கிட்டு வைட்டமின் டி இல்லையா?’ என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். வெயில் ஊருக்கு அடித்தால் போதுமா, தோலில் பட வேண்டாமா? நாள் முழுக்க வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் இருப்பவர்களுக்கு இங்கேயும் இந்தக் குறைபாடு சகஜம். டாக்டர் எழுதித் தருகிறார்: டி3, 60,000 யூனிட், வாரம் ஒன்று, எட்டு வாரம்.

மருந்துக் கடையில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் ஒரே கவரில் போட்டுத் தருகிறார்கள். பிரஷர் மாத்திரை தினம் ஒன்று, சர்க்கரை மாத்திரை தினம் இரண்டு. அந்த வரிசையில் இதுவும் தினம் ஒன்று ஆகிவிடுகிறது. ‘சத்து மாத்திரைதானே’ என்பதால் யாரும் சீட்டை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதில்லை.

எல்லா ஊரிலும் நடக்கக்கூடிய குழப்பம்தான் இது. வைட்டமின் டி அளவு மீறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றி இந்திய டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். 6 லட்சம் யூனிட் ஊசியை, உடம்பு வலிக்கிறது என்று மறுபடி மறுபடி போட்டுக்கொண்டவர்களும் அதில் உண்டு.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட் என்கிறது ஐ.சி.எம்.ஆர். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் எடுத்தால் நாளுக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஒரு 60,000 மாத்திரையில் இருப்பது 100 நாள் தேவை. குறைபாட்டை ஈடுகட்ட வாரம் ஒன்று என எட்டு வாரம் எடுத்தால் மொத்தம் 4,80,000 யூனிட். அதையே இரண்டு மாதம் தினமும் விழுங்கினால் 36 லட்சம்!

‘அதிகமானா யூரின்ல போயிடும்’ என்பது பலருடைய நம்பிக்கை. பி, சி வைட்டமின்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. உடம்பிலேயே சேர்ந்து தங்கிவிடும். டி-யின் வேலை, சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்குள் இழுத்துக் கொடுப்பது. அளவு எக்கச்சக்கமாகிவிட்டால் எலும்பிலிருந்தும் கால்சியம் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. எலும்பைப் பலப்படுத்தப் போட்ட மாத்திரை, எலும்பிலேயே கை வைக்கிறது.

அறிகுறிகள் மெதுவாகத்தான் வரும். முதலில் பசி போகும். பிறகு குமட்டல், வாந்தி, மலச்சிக்கல். தாகம் அடங்காது, ராத்திரியில் நாலைந்து முறை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். அப்புறம் தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு. இதில் எதுவுமே ‘வைட்டமின்’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. பசி இல்லையென்றால் கேஸ், அடிக்கடி யூரின் போனால் சர்க்கரை, பேச்சு குழறினால் வயசாகிவிட்டது என்று வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ‘அம்மா ரொம்ப சோர்ந்து போயிட்டாங்க’ என்று அதே மாத்திரையில் இன்னொரு அட்டை வாங்கி வருகிற பிள்ளையும் உண்டு. இத்தனைக்கும் நடுவே அடி வாங்குவது கிட்னி. மாத்திரையை நிறுத்தினாலும் கால்சியம் உடனே இறங்காது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும்.

இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதித் தந்த மாத்திரைகளைத் தூக்கிப் போட்டால் அது இன்னொரு ஆபத்து. குறைபாடு உள்ளவருக்கு இவை நிஜமாகவே வேலை செய்யும். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தைக்கு முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகள் வருவது பெருமளவு குறைகிறது என்று 1991-ல் வெளியான பெரிய ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தருகிற இரும்புச் சத்து மாத்திரையை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஒளித்து வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறுப்பாகப் போவது சாதாரணம்தான். பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிற சர்க்கரை நோயாளிக்கு பி12 குறையலாம். அவருக்கு அந்த மாத்திரை தேவைப்படலாம்.

குறை இல்லாதவர் கூடுதலாகப் போட்டால் கூடுதல் பலம் வருமா? அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த ‘வைட்டல்’ ஆய்வில், தினம் 2,000 யூனிட் டி எடுத்தவர்களுக்குப் புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-ல் வெளியிட்டார்கள். ஃபின்லாந்து அனுபவம் இன்னும் மோசம். சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து, பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. கேரட்டைச் சாப்பிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்ற மருந்துகளோடு மோதுவதும் உண்டு. தைராய்டு மாத்திரை போட்ட கையோடு கால்சியத்தையோ இரும்பையோ விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீ, காபி வேண்டாம். முடி வளர பயோட்டின் எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும், தைராய்டு ரிசல்ட்டையே அது மாற்றிக் காட்டும். குழந்தை இருக்கிற வீட்டில் இரும்பு மாத்திரை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மிட்டாய் என்று நினைத்து ஒரு கை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

60,000 யூனிட் அட்டை வீட்டில் இருந்தால், மற்ற மாத்திரை டப்பாவிலிருந்து அதை இப்போதே தனியாக எடுத்து வைக்கலாம். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு மாத்திரைக்கும் நேரே ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் பேனாவால் எழுதிவிட்டால் பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும். சீட்டில் எழுதிய வாரங்கள் முடிந்ததும் தானாக அடுத்த அட்டை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே தினமும் போட்டுக்கொண்டிருப்பது தெரிய வந்தால், அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள். போகும்போது வீட்டிலுள்ள சத்து பவுடர், கால்சியம் மாத்திரை, டானிக் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. கால்சியம் மாத்திரையிலும் பெரும்பாலும் டி3 கலந்தே வருகிறது. அது வீட்டில் யார் கணக்கிலும் வருவதில்லை.