மண்டபத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு

மதுரையில் கே.கே. நகர், அண்ணா நகர், மாட்டுத்தாவணிப் பக்கம் கல்யாண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லை. பெரிய முகூர்த்தம் என்றால் இரண்டு மூன்று கேமரா, மேலே ஒரு ட்ரோன், அது போதாதென்று உறவுக்காரப் பையனின் செல்போன். எல்லாம் எடிட்டர் மேசையில் ஒன்றுசேர்ந்து டிவிடியாகவோ பென்டிரைவாகவோ வீட்டுக்கு வருகின்றன. போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளை அழைப்பில் கேமரா திரும்பும் இடமெல்லாம் படம் உதறுகிறது. கெட்டிமேளத்தில் தவிலில் குச்சி விழும் நேரம் ஒன்று, சத்தம் வரும் நேரம் ஒன்று. உடனே டிஸ்க் சரியில்லை, பிளேயர் பழசு, எக்ஸ்போர்ட்டில் ஏதோ தப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பெரும்பாலும் இவை எதுவும் காரணமில்லை. நொடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு, மண்டபத்தில் கேமராவை ஆன் செய்தபோதே பிசகிவிட்டது. அங்கே தீர்மானிக்க வேண்டியதை எக்ஸ்போர்ட் பொத்தானிடம் விடுவதுதான் தவறு.

டிவிடி பிடிவாதமான சாதனம். அதற்குத் தெரிந்தது இரண்டே முறை. ஒன்று ‘பால்’ முறை: நொடிக்கு 25 பிரேம், 576 வரி. மற்றது என்.டி.எஸ்.சி.: நொடிக்கு 29.97 பிரேம், 480 வரி. நம் நாடு ‘பால்’ நாடு. 1982இல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது எடுத்துக்கொண்ட முறை அது. அதன் வேர் நம் மின்சாரத்தில் இருக்கிறது. நம் கம்பியில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ், அதில் சரிபாதி 25. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அதனால் அங்கே 30. வண்ணம் வந்தபோது அது 29.97 ஆனது. இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. மண்டபத்து ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் இன்றைக்கும் நொடிக்கு நூறு முறை கூடிக் குறைகின்றன. 30 பிரேமில் வைத்து, ஷட்டரை அறுபதில் ஒரு பங்காக விட்டால் மணமேடைக்குப் பின்னால் கருப்புப் பட்டைகள் ஊர்வதற்குக் காரணம் இதுதான். ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்குக்கு மாற்றினால் பட்டை போய்விடும். பிரேம் கணக்கு போகாது.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 30 பிரேமில் எடுத்ததை 25க்குக் கொண்டுவர ஆறில் ஒரு பிரேமை வெட்டியாக வேண்டும். மேடையில் அசையாமல் நிற்கும் மணமக்களிடம் இது தெரியாது. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை பாய்ந்து வரும் காட்சியை இப்படி வெட்டிப் பாருங்கள்: ஐந்து அடி சீராக வைக்கும் காளை ஆறாவது அடியைத் தாண்டிக் குதிக்கிறது, ஒரு நொடிக்குள் ஐந்து முறை. வெட்டாமல் பக்கத்துப் பிரேம்களைக் கலந்தால் உதறல் குறையும். ஆனால் காளைக்கு இரண்டு கொம்புக்குப் பதில் மங்கலாக நான்கு கொம்பு தெரியும். சினிமா போல இருக்க வேண்டும் என்று 24இல் எடுத்தால் சிக்கல் வேறு விதம். ஒரு பிரேமை இரட்டித்து 25 ஆக்கினால் நொடிக்கொரு தடவை படம் லேசாகத் தடுக்கும். எல்லாவற்றையும் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓட்டினால் 150 நிமிடப் படம் 144 நிமிடமாகும், தடுக்கல் இருக்காது. ஆனால் சுருதியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் நாதஸ்வரம் ஏறக்குறைய முக்கால் அரைச்சுரம் மேலே போய்விடும். மதுரையில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது தப்பாமல் உறுத்தும்.

ஒலி விலகுவது வேறு கோளாறு. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். முறையாக வெட்டினாலோ கலந்தாலோ படம் உதறும், ஒலி நகராது. ஒலி நகர்ந்தால் படத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு விலகல் என்றால் பிரேம் ரேட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஒலியை ஒரு முறை நகர்த்தி வைத்தால் தீர்ந்தது. போகப்போக விலகல் கூடினால் கணக்குதான் தப்பு. 29.97ஐ 30 என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் மணிக்கு 3.6 நொடி விலகும். தாலி கட்டி முடித்த பிறகும் கெட்டிமேளம் கேட்க அது தாராளம். செல்போன் இன்னும் மோசம். வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே பிரேம்களைக் குறைத்துக்கொள்ளும், ஒரே கோப்புக்குள் வேகம் ஏறி இறங்கும். மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் வேகம் நிலையானதா மாறுவதா என்று சொல்லிவிடும். மாறுவது என்றால், டைம்லைனுக்குக் கொண்டுபோகும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

இன்றைய மென்பொருளே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளுமே என்பார்கள். மாற்றிக் கொடுக்கும், உண்மைதான். வெட்டுவது, கலப்பது, நடுப் பிரேமைத் தானே வரைவது என்று மூன்று வழி வைத்திருக்கிறது. மூன்றாவது வழி பிரமிப்பூட்டும் வேலைதான். ஆனால் அட்சதை மழையிலும், ஜரிகையிலும், ஒன்றையொன்று மறைக்கும் கைகளிலும் அது தடுமாறி விரல்களை உருக்கிவிடுகிறது. கேமரா பதிவு செய்யாத ஒரு கணத்தை எந்த மென்பொருளும் ஊகிக்கத்தான் முடியும். இன்னொன்று, பிரீமியர் போன்ற மென்பொருளில் முதலில் போடும் கிளிப்பின் வேகத்தையே டைம்லைன் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த முதல் கிளிப் செல்போனில் எடுத்ததாக இருந்தால், மூன்று கேமராக்காரர்களின் உழைப்பும் அதன் கணக்குக்கு வளைக்கப்படுகிறது. டைம்லைனை 25 என்று கையால் அமைத்துவிட்டுத்தான் எதையும் உள்ளே இழுக்க வேண்டும்.

டிவிடியே வழக்கொழிந்துவிட்டது, எல்லாரும் செல்போனில்தானே பார்க்கிறார்கள் என்ற மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 30 சீராக ஓடும். 25 என்றால் சில பிரேம்களை இரண்டு தடவை, சிலவற்றை மூன்று தடவை என்று காட்டும். கூர்ந்து பார்ப்பவருக்கு அது தெரியலாம். ஆனால் அங்கே ஒரு பிரேமும் அழிவதில்லை, கோப்பு முழுசாக இருக்கிறது. 30ஐ 25 ஆக்கி எரித்த டிஸ்க்கில் போனது போனதுதான். வெவ்வேறு வேகக் கேமராக்களை ஒரே டைம்லைனில் சேர்க்கும்வரை, பென்டிரைவுக்குப் போனாலும் இதே கோளாறு கூடவே வரும். 24இன் சினிமாத் தன்மையைப் பொறுத்தவரை, 24க்கும் 25க்கும் உள்ள வித்தியாசத்தை வெறும் கண்ணால் சொல்பவர் கிடையாது. அந்த அழகு விளக்கிலும் லென்ஸிலும் ஷட்டரிலும்தான் இருக்கிறது.

ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே எல்லாக் கேமராவின் மெனுவிலும் ‘பால்’ தேர்ந்து 25 வைக்க வேண்டும், ட்ரோனிலும்தான். அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த கேமராவில் இதை முதலில் பார்க்க வேண்டும். ஐபோனில் ‘பால்’ வேகங்களைக் காட்டும் பொத்தான் அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஜல்லிக்கட்டு, சித்திரைத் திருவிழா போன்ற வேகமான நிகழ்ச்சிகளுக்கு 50 நல்லது. அது 25க்கு நேராக மடங்கும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் உறவினர்களுக்கும் இதே டிஸ்க் போதும், அவையும் ‘பால்’ நாடுகளே. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் டிஸ்க்கை விட 25 பிரேம் கோப்பை அப்படியே அனுப்புவது நல்லது. அங்குள்ள டிவிடி பிளேயர்களில் பல ‘பால்’ டிஸ்க்கை ஏற்காது, மடிக்கணினி எதையும் ஏற்கும். எல்லாவற்றையும் 29.97இல் ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டவர்கள் 25க்கு மாற்றவே வேண்டாம். என்.டி.எஸ்.சி. டிஸ்க்காகவே எரித்துக் கொடுக்கலாம். நம் ஊர் பிளேயர்களில் பெரும்பாலானவை அதையும் ஓட்டும். 96 வரி குறையும், ஆனால் காளை சீராக ஓடும்.