ஊட்டுக்கு எந்தக் கணெக்சன்?

போன கிழமை பெற்றார் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது மூன்று நான்கு பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டீச்சர், ஊட்டுக்கு எந்தக் கணெக்சன் எடுக்கிற நல்லம்?" ஒரு வாப்பா விளம்பரத் துண்டையும் கையில் கொண்டு வந்திருந்தார். எத்தனை எம்பி வேகம், மாதம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆசிரியர் அறையில் நாங்கள் இதைப்பற்றிப் பேசிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம். கம்பனிப் பெயர் சொல்லமாட்டோம். காத்தான்குடியில் ஒரு தெருவில் பறக்கிற லைன் அடுத்த குறுக்குத் தெருவில் தவழும்.

இந்தக் கேள்வி எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. இலங்கைக்கு வர்த்தக ரீதியாக இணையம் வந்தது 1995இல். எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் அது எட்டிப்பார்க்க இன்னும் பல வருடம் எடுத்தது. டயல்-அப் எடுக்க முதலில் லேண்ட் லைன் வேண்டும், பிறகு கொம்பியூட்டர், மொடம், இணையக் கணக்கு. லேண்ட் லைனுக்கே விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக் கணக்கில் காத்திருந்த வீடுகள் உண்டு. எல்லாம் கிடைத்தாலும் செலவு இரண்டு பக்கத்தால் வரும். இணையக் கணக்குக்கு ஒன்று, கணெக்ட் ஆகியிருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் டெலிபோன் பில் இன்னொன்று. அதனால்தான் எல்லோரும் இரவில் கட்டணம் குறையும் வரை காத்திருந்தார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேகத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். மொடம் பெட்டியில் 56 கே என்று போட்டிருக்கும். கம்பியின் தரத்தைப் பொறுத்துக் கிடைப்பது 40 கேயைச் சுற்றித்தான். கணக்குப் போட்டால், ஒரு மணித்தியாலம் விடாமல் இறக்கினாலும் 18 எம்பி. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு பயான் வீடியோவே அதைவிடப் பெரிது.

ஆனால் வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. இணையமும் டெலிபோனும் ஒரே கம்பி. மகன் நெட்டில் இருந்தால் வெளியிலிருந்து வருகிற கோலுக்கு லைன் பிசி. சவூதியிலோ கட்டாரிலோ இருக்கும் வாப்பா கார்ட் வாங்கி, வரிசையில் நின்று, வெள்ளிக்கிழமை ஒரு கோல் எடுப்பார். அந்த நேரம் பிசி என்றால் அடுத்த வெள்ளிதான். அந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொன்ன உம்மாமாரை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

கோல் பிரச்சினை இல்லாத வீடுகளும் வேண்டாம் என்றன. காசு ஒரு காரணம், "புள்ளைகள் கெட்டுப்போகும்" என்பது மற்றக் காரணம். கெட்டுப்போவது நின்றதா? ஆம்பிளைப் பிள்ளைகள் நெட் கபேக்குப் போனார்கள். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, பலகை மறைப்புக்குள் இருந்து, யார் கண்ணிலும் படாமல் பார்த்தார்கள். பொம்பிளைப் பிள்ளைகள் அங்கே போகவில்லை, போகவும் முடியாது. வீட்டில் இணைப்பு வேண்டாம் என்ற முடிவு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் சமமான முடிவு போலத் தெரிந்தது. உண்மையில் அது மகளுக்கு மட்டும் வேண்டாம் என்ற முடிவு. எங்களில் பலருடைய உயர்தரப் பெறுபேற்றை முதலில் பார்த்தது நாங்கள் அல்ல. சுட்டெண்ணைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு கபேக்குப் போன நானாமார்தான். அவர் திரும்பி வரும் வரை வாசலில் நின்றோம். சிலர் வழியில் சாயாவும் குடித்துவிட்டு வந்தார்கள், அது வேறு கதை.

வாவிக்கு அங்கால இதைவிட மோசம். 2007 வரை யுத்தத்துக்குள் இருந்த படுவான்கரையில் பல கிராமங்களுக்கு மின்சாரமே இல்லை, இணையத்தை யார் கேட்டது? மண்முனைப் பாலம் திறந்ததே 2014இல். அதுவரை அந்த இடத்தில் வாவியைக் கடக்க படகுப் பாதைதான். அரசாங்கம் ஊர்களில் திறந்த அறிவகங்கள், சிங்களத்தில் நெனசல என்பார்கள், ஓரளவு கைகொடுத்தன. அந்தத் திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதும் கிடைத்தது. ஆனால் பொது இடம் பொது இடம்தான். மஃரிபுக்குப் பிறகு ஒரு மகளை அங்கே அனுப்புகிற வீடு எத்தனை?

2003இல் நாட்டுக்கு ஏடிஎஸ்எல் வந்தது. போனும் நெட்டும் ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கின. பிறகு டவர் வந்தது, சிம் வந்தது, இப்போது பைபர். பழைய கஷ்டம் முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோதுதான் விசயம் வெளிச்சத்துக்கு வந்தது. நேத்ராவில் பாடம் போட்டார்கள், நாங்கள் வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்பினோம். பகல் அனுப்பியதை இரவு பத்து மணிக்குப் பார்க்கிற பிள்ளைகள் யார் என்று கவனித்தோம். கூடுதலானோர் பொம்பிளைப் பிள்ளைகள். வீட்டில் டேட்டா இல்லாமல் இல்லை. வாப்பாவின் போனில் இருந்தது, நானாவின் போனில் இருந்தது. அவர்கள் வீட்டுக்கு வந்து ஹொட்ஸ்பொட் போட்டால்தான் தங்கச்சிக்குப் பாடம். பதுளைப் பக்கம் போஹிட்டியாவ மாணவர்கள் சிக்னலுக்காகப் பாறையில் ஏறியது 2021இல் உலகச் செய்தியானது. எங்கள் ஊரில் ஏறப் பாறை இல்லை, சிக்னல் முழுதாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்த பிள்ளையை யாரும் படம் எடுக்கவில்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். ஆளுக்கொரு சிம்மில் டேட்டா போடுவதை நிறுத்திவிட்டு, வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, வீட்டுக்கென்று ஒரு இணைப்பு எடுங்கள். பைபர் வந்த தெரு என்றால் பைபர், இல்லையென்றால் 4ஜி ரவுட்டர். "கட்டுப்படியாகாது டீச்சர்" என்பவர்கள் ஒரு மாதத்துக்கு வீட்டிலுள்ள அத்தனை போனுக்கும் போட்ட ரீலோடைக் கூட்டிப் பாருங்கள். நூறு, இருநூறாகப் போவதால் அது தெரிவதில்லை. கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே நல்லம். தனி சிம்மோடு அறைக்குள் இருக்கும் பிள்ளையைவிட, ஹோலில் இருக்கும் ரவுட்டருக்கு வீட்டில் ஒரு நேரம் வைக்கலாம்.

கூலி வேலைக்குப் போகும் வாப்பாவிடம் மாத பில் கட்டு என்று சொல்வது அநியாயம் என்பதும் எங்களுக்குத் தெரியும். நாட்கூலிக்கு ரீலோட்தான் பொருந்தும். அவர்கள் ப்ரீபெய்ட் ரவுட்டர் ஒன்று வாங்கி, கிடைக்கிறபோது அதற்குப் போடலாம். பக்கெட் டேட்டா வாங்குவதென்றால் சமூக ஊடகத்துக்கு மட்டுமான பொதியைப் படிப்புக்கென்று வாங்கவேண்டாம். வாட்ஸ்அப் திறக்கும், நாங்கள் அனுப்புகிற இ-தக்சலாவ லிங்க் திறக்காது. பிள்ளை பொய் சொல்கிறது என்று அடித்த வீடும் உண்டு.

விளம்பரத்தில் பார்க்கவேண்டியது வேகத்தை அல்ல. டேட்டா முடிந்தால் லைன் நிற்குமா, மெதுவாகுமா என்று கேளுங்கள். மொத்த டேட்டாவில் எவ்வளவு இரவு 12க்குப் பிறகு என்று கேளுங்கள், அந்த நேரம் யார் படிக்கிறது? 8 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு ஒரு எம்பிதான் இறங்கும். ஒரு பிள்ளையின் சூம் வகுப்புக்கு அதுவே தாராளம்.

கடைசியாக கறண்ட். பழைய செப்புக் கம்பி டெலிபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும், கறண்ட் போனாலும் மணி அடிக்கும். பைபர் அப்படியல்ல, ரவுட்டர் அணைந்தால் போனும் சேர்ந்து அணையும். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டியபோது இதை எல்லோரும் பட்டார்கள். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் கடைகளில் இருக்கிறது, இணைப்போடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். சாதாரண தரப் பிள்ளை உள்ள வீடு என்றால் முதலில் அதை.

மண்முனைக்கு அங்கால உள்ளவர்கள், வீட்டுக்குள் எந்த சிம்முக்குச் சிக்னல் கிடைக்கிறது என்று ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். அங்கிருந்து வருகிற பிள்ளைகளின் பெற்றாருக்கு நாங்கள் சொல்லவேண்டியிருக்கிறது.