கழற்றி மாட்டுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை

"மேம் எமுலேட்டர் இருக்கும்போது எதுக்கு பாஸ் இந்தப் பழைய போர்டு?" என்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 1997-இல் வந்த அந்த எமுலேட்டரில் ஓடும் பழைய கேம்கள் யாரோ நிஜ போர்டின் சிப்பிலிருந்து படித்து எடுத்தவை. அசல் செத்துப்போனால் நகல் சரியா என்று யாரிடம் போய்க் கேட்பது?

கோபமெல்லாம் நம்ம ஆட்கள் மேல்தான். 1980-இன் பேக்-மேன் போர்டு ஒன்று கைக்கு வருகிறது. திரை முழுக்கக் குப்பை, திரும்பத் திரும்ப ரீசெட். உடனே சாலிடரிங் அயர்னை எடுத்து ராம் சிப்புகளை வரிசையாகக் கழற்றி மாட்டுகிறார்கள். நாற்பது வருஷப் போர்டு அது; சூடு வைக்க வைக்கச் செப்புத் தடம் உரியும். கடைசியில் பழைய பழுது எது, நாம் வைத்த பழுது எது என்றே தெரியாது.

போர்டிலேயே செல்ஃப் டெஸ்ட் இருக்கே? இருக்கு. அதை ஓட்டுவதும் அதே ரோம்தான். மயங்கிக் கிடப்பவரிடம் எங்கே வலிக்குது என்று கேட்கிற கதை.

இசட்80-ஐக் கழற்றி, அந்த 40 கால் சாக்கெட்டில் ஒரு அர்டுயினோ மெகாவை இணையுங்கள். அதுவும் 5 வோல்ட்தான். 54 டிஜிட்டல் பின்னில் முகவரிக்கு 16, டேட்டாவுக்கு 8 போக மிச்சமும் இருக்கும். (புது யோசனை ஒன்றுமில்லை; ஃப்ளூக் 9010ஏ எண்பதுகளிலேயே செய்த வேலை.) இப்போது போர்டில் ரோமும் ராமும் செத்திருந்தாலும் கேள்வி கேட்கலாம். 16 கேபி ரோமைப் படித்துச் செக்சம் போடுங்கள்; ஒப்பிட வேண்டிய எண் அந்த மேமிலேயே இருக்கிறது. வீடியோ ராமில் எழுதித் திரும்பப் படியுங்கள். கீழ் நாலு பிட் மட்டும் தப்பாக வந்து, கலர் ராமில் அதே நாலும் சரியாக வந்தால், சந்தேகம் முதலில் ஒரே ஒரு 2114 மேல். அதை மட்டும் தொட்டால் போதும்.

டெஸ்டர் பொய் சொல்லாதா? சொல்லும். மெகா அசல் 3.072 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பஸ்ஸை ஓட்டாது. வேகத்தில் மட்டும் தடுமாறும் சிப் பாஸாகிவிடும். நானே வெயிட் சிக்னலைக் கவனிக்காமல், திரைக்கான சர்க்யூட் ராமைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் எழுதி, நல்ல சிப் ஒன்றைக் கழற்றினேன். தப்பு என் கோடில் எந்த வரி என்று இன்றும் காட்ட முடியும். அன்று உரிந்த தடத்துக்குப் போட்ட ஜம்பர் வயர் போர்டில் அசிங்கமாகத் தெரிகிறது.